இன்னும் நாலு வளையல்

முகத்துல இருந்து ஆரம்பிக்கக் கூடாதா தாயி? கண்ணை மட்டும் மொதல்ல தொடைச்சு விட்டுட்டு, அங்கிட்டு மத்ததைப் பாத்துக்கலாமே. ஓரத்துல இருந்துதான் வரணுமா? சரி, உங்க தொழிலு உங்களுக்கு. எங்க அத்தை மாதிரி பக்கத்துல நின்னு நொச்சு நொச்சுன்னு உத்தரவு போட மாட்டேன். ஆனா ஒண்ணு. வர்ற வெள்ளிக்கிழமை உங்க மியூசியத்து வண்டி வந்து இவுகளைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, எங்க அம்மா என்னை ஒரு தடவை பாக்கணும். அதுக்குத்தான் உங்களை இங்கயே வரச் சொன்னது. வெறும் அழுக்கு எடுக்கன்னா அங்க கொண்டு போயி எடுத்துக்க மாட்டீகளா?

சிரிக்கிறீக. படம் எப்படிய்யா பாக்கும்னு நெனைக்கிறீக. இந்த ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க. பால்காரன் அந்த வாசல்ல வந்து நின்னா அவனைப் பாக்குறாக. ஜன்னல் ஓரமாப் போனா ஜன்னல் பக்கம் பாக்குறாக. தபால்காரரு பயந்துக்கிட்டு உள்ளயே வரமாட்டாரு, வெளிய நின்னு சைக்கிள் மணியை அடிப்பாரு. இப்ப நீங்க முக்காலி போட்டு உக்காந்திருக்கீகளே, உங்களைப் பாக்குறாகளா இல்லையா? ஆமான்னு தலையாட்டுறீக பாத்தீகளா. என்னைத் தவிர எல்லாரையும் பாப்பாக. நாப்பத்தெட்டு வருசமாச்சு.

நேரா பாத்து எழுதுன கண்ணு எங்கிட்டுப் போனாலும் கூடவே வரும், அதுல மாயம் ஒண்ணுமில்லைங்கிறீக. சரி, இருக்கட்டும். எனக்கு மட்டும் ஏன் வரலை? எதுத்தாப்புல போயி நின்னு தலையைத் தூக்கப் பாத்தா, தூக்க முடியலை தாயி. பொடதியில யாரோ கையை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. தரையில கருப்பும் வெள்ளையுமா கல்லு பதிச்சிருக்குல்ல, அதை எண்ணிக்கிட்டே நிப்பேன். அதான் என் நாக்காலியைத் தூக்கிப் படத்துக்கு நேரா அடியில, சுவரோட போட்டுட்டேன். நம்மளைப் பாக்காத ஆளுக்கு முன்னாடி எதுக்குப் போயி நிக்கணும்?

எல்லாம் அவ செஞ்ச வேலை. செய்வினை. கண்ணுல மையைக் கிய்யைத் தடவிட்டுப் போயிட்டா. அதைத்தான் நீங்க உங்க மருந்தைப் போட்டு எடுக்கணும். எவளா? இருளாயி. இந்த வீட்டுல வேலைக்கு இருந்தவ. எங்க உப்பைத் தின்னுட்டு எனக்கே வச்சுட்டா. சொல்றேன், நீங்க பாட்டுக்குத் தொடைங்க.

அதுக்கு முந்தி அந்த அட்டை. படத்துக்குக் கீழ ஒட்ட என்ன பேரு போடணும்னு காலையில கேட்டீகளே, எழுதிக்கங்க. ஒரு எழுத்து கொறையக் கூடாது. மருதங்கோட்டை சமஸ்தானாதிபதி மகாராஜராஜஸ்ரீ முத்துவீரசிங்கத் துரை அவர்களின் பட்டமகிஷி, செங்காட்டுப் பாளையம் அரண்மனைப் புதல்வி, சீமாட்டி ஸ்ரீமதி சௌந்தரவல்லி நாச்சியார் அவர்கள். எழுதியாச்சா? அடியில, 'எழுதியவர் சமஸ்தான வித்வான் வரதையா ராஜு'. அட்டை பத்தாதா? பெரிய அட்டையா வாங்குங்க. யானை படுத்தாலும் குதிரை மட்டம் தாயி.

வரதையா ராஜு தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்தவரு. எங்க அய்யா கலெக்டர் பங்களாவுக்கு விருந்துக்குப் போன எடத்துல தொரைசானி படத்தைப் பாத்துட்டாக, ஆளு ஒசரத்துக்கு, எண்ணெய்ச் சாயத்துல எழுதுனது. திரும்பி வந்த ரெண்டாம் நாளே, நம்ம வீட்டுலயும் ராணி படம் வேணும்னு ஆளனுப்பிட்டாக. ராஜுவுக்கு யானைக் கொட்டாரத்தை ஒழிச்சுக் குடுத்தாக. யானை முந்துன வருசந்தான் செத்துப் போயிருந்துச்சு. வெளிச்சம் நல்லா வரும்னு அவரும் சரின்னுட்டாரு. காலையில ஒம்பது மணியில இருந்து பதினோரு மணி வரைக்குந்தான் எழுதுவாராம். மொதல்ல கையைத்தான் எழுதுவாராம், முகம் கடைசியில. அது அவரு வழக்கம்.

இப்ப கஷ்டம் என்னன்னா, எங்க வீட்டுப் பொம்பளைக கோஷா. வெளி ஆம்பளை கண்ணுல படக் கூடாது. வண்டியில ஏறுனா ரெண்டு பக்கமும் திரை. வைத்தியரு வந்தாக்கூட திரைக்கு இங்கிட்டு இருந்துதான் நாடி பிடிக்கணும், அதுவும் மணிக்கட்டுல பட்டுத்துணி போட்டு. இந்த லட்சணத்துல ஒரு ஆம்பளை முன்னாடி மாசக்கணக்குல ராணி எப்படி உக்கார்றது? அய்யாவோட அக்கா ஒருத்தக, பெரியநாச்சி அத்தை, தாலியறுத்து வந்து வீட்டுச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டவுக. அவுகதான் வழி சொன்னாக. ஒடம்புக்கு ஒரு வேலைக்காரி உக்காரட்டும், முகத்துக்கு மட்டும் ராணி வரட்டும்னு.

அதுக்குப் பிடிச்ச ஆளுதான் இருளாயி. ஏன் அவன்னா, எங்க அம்மாவும் முழுகாம இருந்தாக, அவளும் முழுகாம இருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே மாசம், ஒரே ஒசரம். அளவு சரியா வரும்ல. எங்க அம்மாவோட அரக்குப் பட்டை அவளுக்குக் கட்டி, அட்டிகையை மாட்டி, ஒட்டியாணத்தைப் போட்டு, படத்துல தெரியுதே, அந்த நாக்காலியில உக்கார வச்சிட்டாக. மடியில ஒரு தாம்பாளம் பூ இருக்கு பாருங்க, அது வயித்தை மறைக்க ராஜு பண்ணுன உபாயம். அவரு எழுதுற பக்கம் போயி எட்டிப் பாக்கக் கூடாதுன்னு இருளாயிக்கு அத்தை உத்தரவு. அவளும் பாக்கலை. பயந்தவ.

முகத்துக்கு எங்க அம்மா மூணு வெள்ளிக்கிழமை வந்து மூங்கில் தட்டிக்கு அங்கிட்டு உக்காந்தாக. தட்டி வழியாப் பாத்து எழுதிக்கணும். அதுலயும் பாருங்க, மூணு வெள்ளியும் எங்க அம்மா முக்காட்டையே எடுக்கலையாம்! இருளாயியே எனக்குச் சொல்லியிருக்கா. 'செத்தாலும் காமிக்க மாட்டேன்'னு மொகத்தை மூடிக்கிட்டே உக்காந்திருந்தாகளாம். மானமுள்ள எடத்துல பொறந்தவுக. ஆனா அந்த ராஜு சும்மாப்பட்ட ஆளா? முக்காட்டோட பாத்தே முகத்தை எழுதிப்புட்டாரு. அதுக்குப் பேருதான் வித்தை.

ஏன் தொடைக்கிறதை நிறுத்திட்டீக? ஒண்ணுமில்லையா? சரி, சரி.

முகம் எழுதுறதுக்குள்ளயே நான் பொறந்துட்டேன். பொறந்த பதினோராம் நாள் எங்க அம்மா போயிட்டாக. படத்துல அப்ப கழுத்துக்கு மேல வெறும் துணிதான். ராஜு, 'உத்தரவு குடுங்க, நான் ஊருக்குப் போறேன்'னாராம். அய்யா, 'முடிச்சுட்டுப் போம்'னுட்டாக. நாப்பது நாள் கதவைச் சாத்திக்கிட்டு எழுதுனாராம். அப்பவும் இருளாயி போயி உக்காந்திருக்கா, என்னை மடியில போட்டுக்கிட்டு. எதுக்குன்னா, சேலை மடிப்பு சரி பாக்கறதுக்குன்னு அத்தை சொல்லுவாக. நீங்ககூட காலையில வந்ததும் சொன்னீகளே, மடியில இருக்குற பிள்ளையைப் பாத்துட்டு அப்பத்தான் நிமிந்த மாதிரி இருக்கு கண்ணுன்னு. செத்துப் போன தாயோட பார்வையை அந்த மனுசன் எங்க இருந்து புடிச்சாரு!

எனக்குப் பால் குடுத்தது இருளாயிதான். அவளுக்கும் ஒரு பொட்டைப் பிள்ளை இருந்துச்சு. ரெண்டு பேருக்குப் பால் பத்தலை. மூணு மாசத்துல அது போயிருச்சு. என்ன செய்யிறது, வாரிசுதானே முக்கியம்? அன்னைக்கும் அவ எனக்கு நேரத்துக்குப் பால் குடுத்தாளாம். அந்த மட்டுக்கு நல்லவதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

படம் முடிஞ்சு திரையை எடுத்தப்ப அய்யா ரொம்ப நேரம் பாத்தாகளாம். பக்கத்துல அத்தை வாயைத் தொறந்திருக்காக. அய்யா கையைக் காட்டி நிறுத்திட்டாகளாம். பொறகு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. 'ராஜு, வலது கைக்கு இன்னும் நாலு வளையல் போடும்.' அம்புட்டுத்தான். எம்புட்டுப் பிரியம் இருந்தா, செத்துப் போன பொண்டாட்டி கைக்கு வளையல் பத்தலைன்னு தோணும்! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிரும். அதுக்கப்புறம் அய்யா இந்தக் கூடத்துக்குத் தனியா வந்ததே கெடையாது. வந்தாலும் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவாக. தாங்க முடியலை அவுகளுக்கு.

ராஜுவுக்குச் 'சித்திர ரத்னம்'னு பட்டமும் கைக்குத் தங்கத் தோடாவும் குடுக்கச் சொன்னாக. வாங்கலை. படத்துல கையெழுத்தும் போடலை. நீங்களே லென்ஸை வச்சு மூலை மூலையாத் தேடுனீகளே, கெடைச்சுச்சா? பெரிய வித்வானுக்கெல்லாம் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்யும்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அவரு ஒருக்கா வந்தாரு. நல்லாக் கெழடு தட்டிப் போச்சு. படத்துக்கு முன்னாடி நின்னுட்டு, 'தம்பி, அந்தப் பொண்ணு நல்லாருக்கா?'ன்னு கேட்டாரு. எங்க அம்மாவைத்தான் கேக்குறாருன்னு, 'அம்மா செத்துப் போயிட்டாகளே'ன்னேன். அவருக்கு முகம் செத்துப்போச்சு. 'இல்ல தம்பி, சேலை கட்டி உக்காந்திருந்துச்சே, அது.' 'இருளாயியா? அவ பின்கட்டுல நெல்லுப் பொடைக்கிறா'ன்னேன். பெரிய மூச்சா விட்டாரு. 'அதுக்கு இந்தப் படத்தை ஒருநாளாவது காட்டுங்க தம்பி'ன்னாரு. பாத்தீகளா வித்வான் புத்தியை! கலெக்டர் பாத்துப் பாராட்டுனது பத்தாதாம், நெல்லுப் பொடைக்கிறவளும் பாத்துப் பாராட்டணுமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

அவ எப்படிப் பாப்பா? இந்தக் கூடத்துல வேலைக்காரவுக சுவரை ஒட்டித்தான் நிக்கணும். படத்துக்கு எதுத்தாப்புல நிக்கிற பாத்தியதை எங்க குடும்பத்துக்கு மட்டுந்தான். நித்தமும் காலையில என்னை இருளாயி குளிப்பாட்டித் தூக்கிட்டு வருவா. நடுக்கூடத்துல என்னை எறக்கி விட்டுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயி அந்தச் சுவரோட நின்னுக்குவா, படத்துக்கு அடியில. நான் அம்மாவைப் பாத்துக் கும்புடுவேன். அம்மா என்னைப் பாப்பாக. அப்பல்லாம் பாத்தாக தாயி! நான் ஓடுனா ஓடுற பக்கம் கண்ணு வரும். தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு எட்டிப் பாத்தா அங்கயும் இருக்கும். கீழ இருளாயியும் சிரிச்சுக்கிட்டு நிப்பா. தாயில்லாப் பிள்ளைன்னு ஊரு சொல்லும். எனக்கு ஒருநாளும் அப்படித் தோணுனதே இல்லை.

சோறு ஊட்டுறதும் அவதான். அவ வலது கையில பச்சை குத்தியிருந்தா, தேளு. மணிக்கட்டுக்கு மேல. நான் வாயைத் தொறக்க மாட்டேன்னா, 'தேளு வருது, தேளு வருது'ன்னு கையை என் கை மேல ஊர விடுவா. நான் 'ஆ'ன்னு கத்துவேன், அந்த நேரம் பாத்து உருண்டையை வாயில போட்டுருவா. அந்தத் தேளுக்கு ஒரு பக்கம் நாலு காலு, இன்னொரு பக்கம் மூணு காலுதான். குத்துன குறத்தி கணக்குத் தப்பிட்டா. 'ஒரு காலு எங்க?'ன்னு கேப்பேன். 'நீதான் நேத்து சோத்தோட தின்னுட்டியே சாமி'ம்பா. நித்தமும் கேப்பேன், நித்தமும் அதையேதான் சொல்லுவா.

சரி, அதெல்லாம் பழைய கதை. அவ பண்ணுனதைச் சொல்றேன்.

எனக்கு இருபத்தோரு வயசுல அய்யா போயிட்டாக. அத்தை அதுக்கு முந்தியே போயாச்சு. எனக்குப் பட்டம் கட்டணும். அன்னைக்கே பரிசமும் போடுறதா ஏற்பாடு, பொண்ணு வீட்டார் அத்தனை பேரும் வந்திருக்காக. இந்தக் கூடம் நெறஞ்சு, வெளி வாசல் வரைக்கும் ஆளு. எங்க வழக்கம் என்னன்னா, பட்டம் கட்டுறதுக்கு முந்தி பெத்தவ கால்ல விழணும். எனக்குப் பெத்தவ படத்துலதானே இருக்காக. படத்துக்கு அடியில பூத் தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கணும். இருளாயியை நிக்கச் சொன்னேன். வளத்தவளாச்சே. அவகிட்ட இருந்ததெல்லாம் கண்டாங்கிச் சேலை. ராசா பட்டாபிஷேகத்துல அதைக் கட்டிக்கிட்டா நிக்கிறது? எங்க அம்மா பெட்டியைத் தொறந்து, நானே என் கையால ஒரு பட்டை எடுத்துக் குடுத்தேன். அரக்குப் பட்டு. ஆமா, படத்துல இருக்கே, அதேதான். பெட்டியில மேலாக இருந்துச்சு, எடுத்துட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

நான் கும்புட்டு விழுந்து எந்திரிக்கிறேன். தலையை நிமித்துனா, மேல எங்க அம்மா, கீழ இவ. அதே சேலை, கையில அதே பூத் தாம்பாளம். இவ கண்ணுல தண்ணி ஓடுது. ஒத்தக் கையைத் தூக்கி, 'மகராசனா இரு சாமி'ங்கிறா. வாயைத் தொறக்க அவளுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அந்நேரம் பொண்ணோட தாய்மாமன், வெத்தலை போட்ட வாயைத் தொடைச்சுக்கிட்டே சத்தமாக் கேக்குறான். 'ஏப்பா, மாப்பிள்ளை யாரைக் கும்புடுறாரு? மேல இருக்கவளையா, கீழ நிக்கிறவளையா? எனக்கு வித்தியாசம் தெரியலையே.'

சிரிச்சாக தாயி. மொதல்ல பொண்ணு வீட்டார் சிரிச்சாக, பொறகு எங்க ஆளுகளே துண்டை வாயில வச்சுக்கிட்டாக. அந்தச் சிரிப்பு இன்னைக்கும் இந்தக் கூடத்துல இருக்கு. மத்தியான நேரம் தனியா உக்காந்திருந்தா எனக்குக் கேக்கும்.

அன்னைக்குச் சாயங்காலமே அவளைப் போகச் சொல்லிட்டேன். 'இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.' ஏன் சாமின்னு கேக்கலை. சேலையை மடிச்சுப் படிக்கட்டுல வச்சா. பொறகு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'ஒரு தடவை அந்தப் படத்தைப் பாத்துட்டுப் போறேன் சாமி. இத்தனை வருசம் அடியிலயே நின்னேன், பாத்ததில்லை.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'எங்க அம்மாவை நீ எதுக்குடி பாக்கணும்?'னு கேட்டேன். கேட்டது சரிதானே? 'சரி சாமி'ன்னுட்டு எறங்கிப் போயிட்டா.

மறுநா காலையில வந்து படத்துக்கு முன்னாடி நின்னேன். தலை தூக்க முடியலை. அன்னைக்குப் புடிச்சதுதான். போகும்போது வாசப்படியில என்னத்தையோ பொதைச்சுட்டுப் போயிட்டா, இல்லைன்னா கண்ணுல மை. மந்திரவாதி ரெண்டு பேரு வந்து பாத்தாக, ஒண்ணும் அகப்படலை. நாலு வருசத்துல ஜமீனையும் சர்க்கார் எடுத்துக்கிருச்சு. எல்லா ஜமீனுந்தானே போச்சுன்னு சொல்லுவீக. மத்தவுகளுக்குச் சட்டத்தால போச்சு, எனக்கு இருளாயியால போச்சு. வந்த பொண்டாட்டியும் இந்தக் கூடத்துப் பக்கமே வராம இருந்து போயிச் சேந்தா. 'உங்க அம்மா'ன்னு அவ சொல்லும்போது ஒரு மாதிரியா இழுத்துச் சொல்லுவா, அது எனக்கு மட்டுந்தான் புரியும்.

ஆறேழு வருசம் கழிச்சு ஒருத்தன் வந்தான். 'இருளாயிக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. கண்ணு மூட மாட்டேங்குது. பால் குடிச்ச பிள்ளை வந்து ஒரு வாய் பால் ஊத்துனா அடங்கும்'னான். எப்படி இருக்கு? ராசா போயி அவ குடிசையில குனிஞ்சு பால் ஊத்தணுமாம்! ஆளை வெரட்டிட்டேன். மூணு நாளு கெடந்து போனாளாம்.

என்ன தாயி? என்ன சொல்றீக? வளையலா?

வலது கை வளையல்ல இந்த நாலு மட்டும் மத்த சாயத்துக்கு மேல உக்காந்திருக்கா? பின்னாடி போட்டதுதான் அது, அதான் சொன்னேனே, அய்யா போடச் சொன்னது. எடுத்தா வந்துருமா? எடுக்கவா விடவான்னு என்னையக் கேக்குறீக. ம்... எடுத்துத்தான் பாருங்களேன். அடியில எங்க அம்மா கைதானே இருக்கப் போகுது? வளையல் இல்லாத கையை நான் பாத்ததே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி போட்டுறலாம்ல? அப்ப எடுங்க.

பஞ்சுல மஞ்சளா வருது. மெதுவா, மெதுவா. அத்தாடி, எங்க அம்மா தோலு எம்புட்டு... கொஞ்சம் கருப்புத்தான் போல. வெளிச்சம் அப்படி இருந்திருக்கும்.

அது என்ன, பச்சையா? பாசியா? மழைக்காலத்துல இந்தச் சுவரு ஓதம் அடிக்கும். பாசி இல்லையா? அதுவும் ராஜு எழுதுனதுதானா? தள்ளுங்க, நான் பாக்குறேன். கண்ணாடி எங்க வச்சேன்...

ராச வீட்டுப் பொம்பளைக பச்சை குத்திக்க மாட்டாக தாயி.

காலை எண்ணுங்க. என் கண்ணு சரியில்லை, நீங்க எண்ணுங்க. இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம்? நல்லாப் பாருங்க, இன்னும் கொஞ்சம் தொடைச்சுப் பாருங்க, அழுக்குக்குள்ள ஒண்ணு மறைஞ்சிருக்கும். இல்லையா?

மூணுதானா?

அந்தச் செம்பை எடுங்க. இல்ல, ஒண்ணுமில்லை. கொஞ்சம் தண்ணி.

நீங்க பாதிக் கதையிலயே தொடைக்கிறதை நிறுத்துனீக. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, என்ன? அந்த வெத்தலைவாயனுக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுச்சு. அய்யாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு வளையல்னாக. நான் அதைப் பிரியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ராஜு மேல தப்பில்லை. அவருக்கு முன்னாடி இருந்தது ஒரே ஒரு முகந்தான். அதை எழுதுனாரு. கைக்கு உண்டான தேளையும் எழுதுனாரு, ஒரு கால் கொறையுறதைக்கூட விடலை. அவளுக்குக் காட்டுங்கன்னு என்கிட்ட வந்து கேட்டாரு. நான் சிரிச்சேன்.

அவ மூஞ்சியை அவளே ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னுதான் கேட்டிருக்கா தாயி. எங்க அம்மாவை நீ எதுக்குடி பாக்கணும்னு கேட்டுப்புட்டேன்.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமலேயே போயிருக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டு 'சரி சாமி'ன்னிருந்தா, அதை என்னால தாங்க முடியாது.

அந்த அட்டையைக் குடுங்க. இல்ல, நீங்களே அடிங்க. எல்லாத்தையும் அடிச்சிருங்க. பட்டமகிஷி, புதல்வி, எல்லாத்தையும். என்னைப் பெத்த அந்தப் புண்ணியவதி முகத்தைத்தான் எவனும் பாத்ததில்லையே, நானும் பாத்ததில்லை. இருளாயின்னு எழுதுங்க. இ, ரு, ளா, யி. அப்பன் பேரா? தெரியலை. ஊரா? பால் ஊத்தக் கூப்புட வந்தவன் ஊரைச் சொன்னான், நான் காதுல வாங்கலை. அந்தப் பொட்டைப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தாளோ, அதையும் ஒருநாள் கேட்டதில்லை. இருபத்தோரு வருசம் அவ கையால தின்னேன், தேளோட காலை மட்டுந்தான் எண்ணியிருக்கேன். இருளாயின்னு மட்டும் இருக்கட்டும். சின்ன அட்டையே போதும்.

வளையலை மறுபடி போட வேண்டாம்.

என்ன தாயி, முக்காலியை நகத்துறீக? அடுத்து முகமா? வேண்டாம். காலையில நாந்தான் கண்ணை மொதல்ல தொடைங்கன்னேன், நாந்தான் சொன்னேன். இப்ப வேண்டாம். அந்தப் புகையும் அழுக்கும் அப்படியே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை அப்படியே தூக்கிட்டுப் போங்க, அங்க வச்சுத் தொடைச்சுக்கங்க. கண்ணை மட்டும் இங்க வச்சுத் தொடாதீக தாயி. இப்ப அவ என்னைப் பாத்துட்டா, நான் எங்க போயி நிப்பேன்?